தண்ணி ஓடினாத்தான் கொம்பியூட்டரா?

லிக்விட் கூலர் எதையும் குளிராக்குவதில்லை.

இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறோம். கண்டி டவுனில் கேமிங் மெஷினுக்கு கோட்டேஷன் எடுத்துக்கொண்டு வந்து எங்களிடம் காட்டுகிற தம்பி தங்கச்சிமாரின் தாள்களில் அடிக்கடி ஒரே கதைதான். ரைசன் 5 ப்ரொசெசர், நடுத்தர கிராபிக்ஸ் கார்ட், பெயரே கேள்விப்படாத ஒரு பவர் சப்ளை, அதுக்குக் கீழே 240 மில்லிமீற்றர் லிக்விட் கூலர். சில தாள்களில் 360. ஏன் என்று கேட்டால், "கடையில சொன்னாங்க அண்ணா, லிக்விட் போட்டாத்தான் மெஷின் கூலா இருக்குமாம், ஸ்பீடும் கூடுமாம்."

ஃப்ரிட்ஜுக்குள் கொம்ப்ரசர் இருக்கிறது. அதனால் அறையை விடக் குளிரான ஓர் இடத்தை அதால் உண்டாக்க முடியும். லிக்விட் கூலருக்குள் என்ன இருக்கிறது? ஒரு சின்ன பம்ப், ஒரு செப்புத் தட்டு, இரண்டு ரப்பர் குழாய், ஒரு ரேடியேட்டர், அதை ஊதுகிற ஃபேன். அவ்வளவுதான். ஏப்ரல் மாதம் பகல் இரண்டு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே உங்கள் அறை 32 பாகை என்றால், அந்தக் குழாய்க்குள் ஓடுகிற திரவமும் 32க்குக் கீழே போகாது. போக வழியே இல்லை.

கடுகண்ணாவ ஏற்றத்தில் சூடேறி நின்ற லொறிக்கு டிரைவர் போத்தலால் தண்ணீர் ஊற்றுவதை நாமெல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள். எஞ்சினிடம் சூட்டை வாங்கி, முன்னால் இருக்கிற ரேடியேட்டரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அந்தத் தண்ணீரின் வேலை. அங்கிருந்து சூட்டைக் கொண்டுபோவது காற்று. கொம்பியூட்டருக்குள்ளும் அதே லொறி வேலைதான். ப்ரொசெசர் 100 வாட் சூடு விட்டால், அந்த 100 வாட்டும் கடைசியில் உங்கள் அறைக் காற்றுக்குள்தான் வந்து சேரும். தண்ணியில் ஏறி வந்தாலும் சரி, தகட்டில் ஏறி வந்தாலும் சரி, பத்துக்குப் பத்து அறையில் அது பத்துக்குப் பத்து அறையின் சூடுதான். ஜன்னலைத் திறந்து வைத்தால் கிடைக்கிற இலாபத்தை எந்தக் கூலரும் தராது. இதைச் சொல்ல கடைக்காரருக்கு ஒரு சதமும் கிடைக்காது என்பதால் அவர் சொல்ல மாட்டார்.

இன்னொன்று. பழைய மாதிரி என்று எல்லாரும் முகம் சுளிக்கிற டவர் ஏர் கூலரை எடுத்துப் பாருங்க. அதன் அடியிலிருந்து மேலே போகிற செப்புக் குழாய்கள் இருக்கே, அவை வெறும் கம்பி இல்லை. உள்ளே கொஞ்சூண்டு தண்ணீரை வைத்து, காற்றை எடுத்துவிட்டு மூடியிருப்பார்கள். அடியில் சூடு பட்டதும் அது ஆவியாகி மேலே போகும். தகடுகளுக்கு நடுவில் சூட்டை விட்டுவிட்டு மறுபடி நீராகி, குழாயின் உள்சுவரில் இருக்கிற நுண்ணிய துளைகள் வழியாகக் கீழே வந்துவிடும். பம்ப் இல்லை, மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. தண்ணிதான் வேணுமென்றால் அந்த "பழைய" கூலருக்குள்ளேயே தண்ணி இருக்கு மச்சான்!

கணக்குக்கு வருவோம். ரைசன் 5 5600 என்பது 65 வாட் ப்ரொசெசர். அதை வாங்கும்போதே பெட்டிக்குள் ஒரு கூலரை ஏ.எம்.டி. வைத்துத்தான் தருகிறது. இன்டெல் கோர் ஐ5 12400 சாதாரணமாக 65 வாட், முழு வேகத்தில் 117 வாட். நம்ம ஆட்களின் கோட்டேஷன்களில் பெரும்பாலும் இருப்பவை இந்த ரக ப்ரொசெசர்கள்தான். ஆறு ஹீட் பைப்புள்ள ஒரு நல்ல டவர் கூலர் இந்தச் சூட்டைத் தூங்கிக்கொண்டே சமாளிக்கும். ப்ரொசெசர் தன் எல்லையான 90, 100 பாகையைத் தொட்டால்தான் வேகத்தைக் கணிசமாகக் குறைக்கத் தொடங்கும். டவர் கூலரில் 70 பாகையில் ஓடுகிற ஒன்றை லிக்விட் போட்டு 62க்கு இறக்கினால் உங்கள் கேம் வேகமாக ஓடுமா? ஓடாது. திரையில் ஒரு எண் குறையும், அவ்வளவுதான்.

கேம் விளையாடும்போது பெட்டிக்குள் அதிகம் சூடு விடுவதும் ப்ரொசெசர் இல்லை. ஆர்.டி.எக்ஸ். 3060 கிராபிக்ஸ் கார்ட் 170 வாட் இழுக்கிறது. அதன் சூட்டை ப்ரொசெசரின் கூலர் தொடவே தொடாது. ரேடியேட்டரை மேலே பூட்டினால், கார்ட் விடுகிற அந்தச் சூட்டுக் காற்றையே வாங்கித்தான் அது ப்ரொசெசரைக் குளிரவைக்கப் பார்க்கும். முன்பக்கம் முழுக்க மூடிய கண்ணாடி உள்ள கேஸிங்கை விற்றுவிட்டு, "உள்ளே சூடு அதிகம், லிக்விட் போடுங்க" என்று சொல்கிற வியாபாரத்துக்கு என்ன பெயர் வைப்பது? முன்பக்கம் வலை உள்ள கேஸிங்கும் இரண்டு மூன்று நல்ல ஃபேனும் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

சரி, ஏன் விற்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு நல்ல டவர் கூலரின் விலையைப் போல இரண்டு மடங்கிலிருந்து ஐந்து மடங்கு வரை போகிறது லிக்விட் கூலர். ஏன் வாங்குகிறோம் என்பதைத்தான் நாம் பேசுவதில்லை.

"லெவலா இருக்கும் தம்பி." இந்த ஒரு வரியில்தான் வியாபாரம் முடிகிறது. மஹய்யாவ என்று முகவரி எழுதும்போது பேனை ஒரு நொடி நிற்கிற அனுபவம் எங்கள் வாசகர்களில் பலருக்கு இருக்கும். எங்கள் பாட்டன் பூட்டன்மாரை கண்டி மாநகர சபை இந்த ஊரைக் கூட்டிப் பெருக்கத்தான் கொண்டுவந்து குடிவைத்தது. அந்த முகவரியோடு ஒரு கடைக்குள் போகிற பையனுக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் நீலமும் சிவப்புமாக ஒளிர்கிற ஒரு பம்ப் என்ன சொல்கிறது என்று எங்களுக்கு நன்றாகவே விளங்கும். அவனைப் பார்த்து நாங்கள் சிரிக்கவில்லை. லைட் பிடித்திருந்தால் லைட் போடுங்க, லைட் ஃபேன் மலிவு; டவர் கூலரிலும் லைட் வருகிறது. ஆனால் அம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசை, அந்த ஒரு நொடி தயக்கத்தைக் காட்டியே ஒருவர் உருவிக்கொள்வதை நாங்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம்.

அந்த "லெவல்" எவ்வளவு மெல்லிய தோல் என்பதற்கு ஒரு கதை. இப்போது கடையில் கிடைக்கிற மூடிய லிக்விட் கூலர்களை உலகம் முழுக்கப் பரப்பியதில் அசெடெக் என்ற டென்மார்க் கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு. கோர்சேர் 2009இல் விட்ட எச்50, என்.இசட்.எக்ஸ்.டி.யின் க்ராகன் வரிசையில் பல மொடல்கள், எல்லாம் உள்ளே அசெடெக் செய்து கொடுத்தவை. பம்பையும் தட்டையும் ஒன்றாகச் சேர்க்கிற அமைப்புக்கு அசெடெக் காப்புரிமை வைத்திருந்தது; கூலர் மாஸ்டர் மீது வழக்குப் போட்டு 2014 டிசம்பரில் கலிபோர்னியாவில் வென்றது. கடைக்காரர் இரண்டு பெட்டியைக் காட்டி, "இது வேற லெவல், அது வேற லெவல்" என்று சொன்னபோது, இரண்டுக்குள்ளும் ஒரே தாய் பெற்ற பம்ப் இருந்த காலம் உண்டு. மேலே ஒட்டின ஸ்டிக்கர்தான் வேறு.

இனி ஆயுள். டவர் கூலரில் சாகக்கூடியது ஃபேன் ஒன்றுதான். செத்தால் 120 மில்லிமீற்றர் ஃபேன் ஒன்றை கண்டியிலேயே வாங்கி க்ளிப்பை மாட்டினால் முடிந்தது. தகடும் குழாயும் உங்கள் அடுத்த கொம்பியூட்டருக்கும் வரும். லிக்விட் கூலரில் பம்ப் செத்தால் முழுச் சாமானும் செத்தது. பம்ப் சாகாவிட்டாலும், ரப்பர் குழாயின் சுவர் வழியாகத் திரவம் வருசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகும். பெரும்பாலான மொடல்களில் திரும்ப ஊற்ற வாயே கிடையாது. பலவற்றில் தட்டு செம்பு, ரேடியேட்டர் அலுமினியம். இரண்டு உலோகமும் ஒரே நீரில் கிடந்தால் அரிக்கும் என்பதால் அரிப்புத் தடுப்பு மருந்து கலந்துதான் மூடுகிறார்கள். அந்த மருந்துக்கும் ஆயுள் உண்டு. கசிவு அபூர்வம், அதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கசிந்தால்? ஆப்பிள் கம்பெனி 2004இல் பவர் மெக் ஜி5 மெஷினுக்கு லிக்விட் கூலிங் வைத்தது. அவற்றில் சில பிற்காலத்தில் கசிந்து மதர்போர்ட், பவர் சப்ளை எல்லாவற்றையும் கொண்டுபோனது. ஆப்பிளுக்கே அந்த நிலை.

கம்பெனி பெட்டியில் ஐந்து வருசம், ஆறு வருசம் வொரண்டி என்று அச்சடித்திருக்கும். உங்கள் கையில் இருக்கிற பில்லில் எத்தனை வருசம் என்று பாருங்க. கசிந்து கார்ட் போனால் கார்ட்டுக்கும் பொறுப்பா என்று அதில் எழுதியிருக்கா? சாமானைக் கொழும்புக்கு, பம்பலப்பிட்டிப் பக்கம் அனுப்பி வைக்கிறோம் என்று சொல்லுகிற நாட்களில் உங்கள் மெஷின் என்ன செய்யும்? கலியாண வீடியோ எடிட் பண்ணிக் கொடுக்க வேண்டிய ஒருவருக்கு அது இரண்டு வார வருமானம். "கேம் விளையாடுற பெட்டிதானே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். இல்லை பெரியப்பா, இந்த லயத்து வீடுகளில் அந்தப் பெட்டிதான் சிலருக்கு வேலைத்தளம்.

லிக்விட் கூலரே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கோர் ஐ9 14900கே மாதிரி 253 வாட் வரை இழுக்கிற ப்ரொசெசரை வைத்து, மணிக்கணக்காக ரெண்டர் போடுகிறவருக்கு 360 மில்லிமீற்றர் ரேடியேட்டர் ஆடம்பரம் இல்லை. டவர் நுழையாத சின்னக் கேஸிங்கில் கட்டுகிறவருக்கும் காரணம் இருக்கு. 1985இல் க்ரே-2 சுப்பர் கொம்பியூட்டரின் சர்க்கிட்டுகளை ஒரு திரவத்துக்குள்ளேயே மூழ்க வைத்தார்கள். அங்கே தேவை இருந்தது. உங்கள் ப்ரொசெசர் எத்தனை வாட் என்று கேட்காமலேயே ஒருவர் கூலரை எடுத்து மேசையில் வைத்தால், அங்கே தேவை அவருக்குத்தான்.

வேணும் என்று முடிவெடுத்துவிட்டீங்களா? அப்போ நீங்களே பூட்டுங்க. "திறந்தா வொரண்டி இல்ல" என்று ஸ்டிக்கர் ஒட்டி, திரைச்சீலைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுப்பதில்தான் பாதித் தவறு நடக்கிறது. நாங்கள் பிரித்த பெட்டிகளில் பல மொழி இருந்தது, தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறோம்.

பழைய கூலரைக் கழற்றுவதற்கு முன் மெஷினைப் பத்து நிமிசம் நன்றாக ஓடவிட்டு, பிறகு நிறுத்தி, வயரையும் பிடுங்குங்க. பேஸ்ட் சூட்டில் இளகியிருக்கும். ஏ.எம்.4 போர்ட்டில் இதைச் செய்யாமல் நேரே இழுத்தால் காய்ந்த பேஸ்ட் ப்ரொசெசரையும் சேர்த்துச் சொக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளைந்துவிடும். இடமும் வலமும் மெதுவாகத் திருக்கி எடுக்கணும். அதே போர்ட்டில் பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்றும்போது பின்னால் இருக்கிற தட்டைக் கையால் பிடித்துக்கொள்ளுங்க, இல்லாவிட்டால் அது விழுந்துவிடும். இன்டெல் என்றால் பெட்டிக்குள் வருகிற பின்தட்டைத்தான் போட வேண்டும். சொக்கெட் 1200க்கும் 1700க்கும் ஓட்டைகளின் தூரம் வேறு. எது உங்களுடையது என்று பார்த்து வைங்க.

புதுக் கூலரின் செப்புத் தட்டில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரியுங்க! உரிக்காமல் பூட்டி, மெஷின் 95 பாகைக்குப் போகுதே என்று தலையில் கை வைக்கிற கதை உலகம் முழுக்க நடக்கிறது. சில மொடலில் பேஸ்ட் ஏற்கனவே தடவி வரும்; இல்லாவிட்டால் நடுவில் பட்டாணி அளவு போதும். ஸ்க்ரூவை ஒரு மூலை, அதற்கு எதிர் மூலை என்று குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் தட்டு சாய்ந்துவிடும்.

ரேடியேட்டரை எங்கே வைப்பது என்பதில்தான் கடைகளும் கோட்டை விடுகின்றன. எந்த மூடிய கூலரிலும் கொஞ்சம் காற்று உள்ளே இருக்கும், வருசம் போகப் போகக் கூடும். அந்தக் காற்று எப்போதும் மிக உயரமான இடத்தில் போய்ச் சேரும். அந்த இடம் ரேடியேட்டரின் மேல்முனையாக இருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. பம்பாக இருந்தால், பம்ப் காற்றை மென்றுகொண்டு கொடகொட என்று சத்தம் போட்டு, ஆயுளும் குறையும். கேமர்ஸ் நெக்சஸ் சேனல் 2020இல் இதற்கென்றே ஒரு வீடியோ போட்டு, படம் வரைந்து காட்டியது. ஆகவே ரேடியேட்டரை மேலே பூட்டுவது நல்லது. முன்பக்கம் பூட்டினால் குழாய்கள் கீழ்ப்பக்கம் வரும்படி, ரேடியேட்டரின் மேல்முனை பம்பை விட உயரமாக இருக்கும்படி பாருங்க. அடியில் வைக்கவே வேண்டாம். மேலே பூட்டுவதென்றால் ரெம்முக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் இடம் இருக்கா என்று வாங்குவதற்கு முன்னமே அளந்து பார்க்கணும்.

பம்ப் வயரை முழு வேகத்தில் ஓடும் முனையில் கொடுங்க. ரேடியேட்டர் ஃபேன்களை சி.பி.யு. ஃபேன் முனையில் கொடுங்க. பிறகு சோதனை. இங்கே ஒரு தந்திரம் நடக்கிறது, கவனியுங்க. கடையில் ஐந்து நிமிசம் ஓட்டிக் காட்டி, "பார்த்தீங்களா, 50தான்" என்பார்கள். திரவம் சூடேற நேரம் எடுக்கும், ஐந்து நிமிசத்தில் எந்த லிக்விட் கூலரும் நல்ல பிள்ளைதான். அரை மணித்தியாலம் சினிபெஞ்ச் ஓட்டுங்க, அப்போ வருகிற எண்தான் எண். கையால் இரண்டு குழாயையும் தொட்டுப் பாருங்க. ஒன்று கொதித்து மற்றது சும்மா கிடந்தால் தண்ணி ஓடவில்லை.

கட்டுகஸ்தோட்டை வீதிப் புகையும் தூசும் நம்ம வீட்டுக்குள் எப்படி வருகிறது என்பது தெரியும்தானே. கண்டி ஒரு கிண்ணம் மாதிரி, புகை வெளியே போக வழியில்லாமல் தங்கிவிடும். ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளில் அது சீக்கிரம் அடைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருதரம் பிரஷ்ஷால் துப்புரவாக்கணும். அப்படியே உள்ளே பல்லி குடியிருக்கா என்றும் பார்த்துவிடுங்க, சிரிக்க வேண்டாம், பவர் சப்ளைக்குள் பல்லி போய்க் கருகுவது இந்த நாட்டில் புதுசில்லை.

இப்போது காசு. 2022இல் டொலர் சில மாதத்துக்குள் 200லிருந்து 360 ரூபாவைத் தாண்டியது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். இந்த விலைக்கு லிக்விட்டுக்குக் கொடுக்கிற மேலதிகக் காசைக் கொண்டுபோய் யூ.பி.எஸ். ஒன்றும் ஒழுங்கான பவர் சப்ளை ஒன்றும் வாங்குங்க என்பதுதான் எங்கள் சண்டை. கண்டியில் கொம்பியூட்டரைக் கொல்வது சூடு இல்லை, கரண்ட். மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரம் இடி மின்னல் எப்படி இறங்குது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பழைய வீடுகளில் எர்த் வயரே ஒழுங்காக இல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு போய் உப மின்நிலையத்தில் மாட்டி, முழு நாடும் இருண்டது. நம்ம கூரையில் ஓடுகிற குரங்குகளின் சொந்தக்காரன்தான். அப்படியொரு நாட்டில், 360 மில்லிமீற்றர் ரேடியேட்டரும் பெயரில்லாத பவர் சப்ளையும் ஒரே பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்தால் எங்களுக்கு வயிறு எரிகிறது.

செத்த லிக்விட் கூலர் எங்கே போகிறது என்றும் கேட்போம். டவர் கூலர் முழுக்க செம்பும் அலுமினியமும், பழைய இரும்புக்காரர் சந்தோசமாக எடுப்பார். லிக்விட் கூலர் ரப்பரும் மோட்டாரும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய ஒரு குப்பை. வீட்டுக் குப்பையோடு சேர்ந்துவிட்டால் மாநகர சபை லொறியில் ஏறி கொஹாகொட மேட்டுக்குத்தான் போகும். அந்த மேட்டிலிருந்து வழிகிற கழிவு நீர் மகாவலிக்குள் இறங்குவது எத்தனையோ வருசப் பிரச்சினை. அந்த லொறியில் குப்பை ஏற்றுகிற கைகள் யாருடையவை? காலையில் நம்ம வீட்டிலிருந்து புறப்பட்டுப் போகிற கைகள்தான்.

கோட்டேஷன் எடுக்கப் போகிறவங்க கடையில் மூன்று கேள்வி கேளுங்க: இந்த ப்ரொசெசர் எத்தனை வாட்? பம்ப் செத்தால் எத்தனை நாளில் வேறு தருவீங்க? கசிந்தால் மற்றச் சாமானுக்கு யார் பொறுப்பு? பதிலைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்க. எழுதித் தராவிட்டால் தாளை எங்களிடம் கொண்டு வாங்க, உட்கார்ந்து வேறு கோட்டேஷன் போடுவோம். ஸ்க்ரூடிரைவரும் பேஸ்ட்டும் எங்களிடம் இருக்கு.